ரப்பர் ஷீட்டுக்கு விடும் ஃபார்மிக் ஆசிட்: கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு கையாள்வது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் வைத்திருக்கிற வீடுகளில் பின்பக்கத்துச் சாய்ப்பில் பார்த்தால் ஒரு பாட்டில் ஃபார்மிக் ஆசிட் இருக்கும். ரப்பர் பால் வெட்டி, எடுத்து வந்து, வடிகட்டி, தண்ணீர் சேர்த்து டிஷ்ஷில் (பால் உறையவைக்கும் தட்டில்) ஊற்றி, அதில் ஆசிட் விட்டால்தான் பால் உறையும், அப்புறம்தான் மெஷினில் ஷீட் அடிக்க முடியும். தினமும் புழங்குகிற பொருள் என்பதால் பயம் விட்டுப்போகிறது. கடையில் ‘ஒரு லிட்டர் ஆசிட் தாங்க’ என்று கேட்டால் என்ன சதவீதம், எந்தக் கேனிலிருந்து ஊற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கொடுக்கிறவரும் சொல்வதில்லை. இலங்கையில் கேகாலை, களுத்துறை பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் மலேசியத் தோட்டங்களிலும் புழங்குவது இதே ஆசிட்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பட்டறைகளில் சாயம் தோலில் பிடிக்க இதைச் சேர்க்கிறார்கள். நான் இங்கே எழுதுவது வீட்டிலும் சிறு தோட்டத்திலும் ஷீட் அடிக்கிறவர்களுக்காக. தொழிற்சாலையில் இதற்கென்று பாதுகாப்பு அதிகாரி இருப்பார், வீட்டில் அப்படி ஒருவரும் கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேனில் வருகிற 85 சதவீத ஆசிட்டும், டிஷ்ஷில் விடுகிற அரை சதவீதக் கரைசலும் பெயரில்தான் ஒன்று. உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு பொருட்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தோலை அரித்துப் புண்ணாக்கும் பொருள், 2 முதல் 10 சதவீதம் வரை தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டாக்கும் பொருள் என்று கோடு போட்டிருக்கிறார்கள். நாம் டிஷ்ஷில் விடுவது அதற்கும் கீழே. அப்படியென்றால் முழு ஜாக்கிரதை தேவைப்படுவது, கேனைத் திறந்து அளந்து தண்ணீரில் கலக்கிற அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். அந்த நிமிடங்களில் கண்ணாடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் போடுங்கள். மற்ற நேரம் முழுக்க மூட்டைபோல் கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொன்னால் யாரும் செய்யப்போவதில்லை, கடைசியில் தேவைப்படுகிற நிமிடத்திலும் போட மாட்டார்கள்.

இந்த ஆசிட்டின் குணம்

நிறமில்லாத திரவம், பார்த்தால் தண்ணீர்தான். ஆபத்தில் பாதி இங்கேயே ஆரம்பிக்கிறது. தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம்: சுத்தமானது லிட்டருக்கு 1.22 கிலோ, 85 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1.2 கிலோ. கொதிநிலை 100.8 டிகிரி, அதாவது தண்ணீரை ஒட்டியே. சுள்ளென்று மூக்கில் ஏறும் நெடி. ரப்பர் தோட்டத்திலும் மாமரத்திலும் இலைகளைப் பின்னிக் கூடு கட்டுமே முசுறு எறும்பு, அது கடித்துவிட்டுப் பீய்ச்சுவது இந்த அமிலத்தைத்தான். எறும்பைக் காய்ச்சி வடித்தால் இது கிடைக்கிறது என்று ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். கரிம அமிலங்களில் இது வலுவான பக்கம், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைவிட ஏறக்குறைய 10 மடங்கு வலிமை. அதனால்தான் கொஞ்சம் விட்டாலே பால் உறைகிறது. பாலின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 பக்கம் இறங்கினால் போதும், ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆவி காற்றைவிட கனமானது. மேலே போய்க் கலைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், தரையை ஒட்டிப் படுக்கும். நான்கு பக்கமும் அடைத்த அறையில் தரையில் கேனை வைத்து, குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் ஊற்றுகிறவர்தான் அதிகமாக மூச்சில் வாங்குகிறார். அமெரிக்க விதிப்படி 8 மணி நேர வேலையில் காற்றில் சராசரி 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 5 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது, 30 பிபிஎம் என்றால் உடனே உயிருக்கு ஆபத்து என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அளக்கும் கருவி கிடையாது, மூக்கும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஆகவே ‘நெடி ஒன்றும் இல்லையே’ என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று வேலை செய்யுங்கள். வேறு எந்தக் கருவியும் வாங்காவிட்டாலும் இது ஒன்றே பெரிய பாதுகாப்பு.

இன்னொரு குணம் பலருக்குத் தெரியாது. அடர்ந்த ஃபார்மிக் அமிலம் கேனுக்குள் இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவாகவும் தண்ணீராகவும் மாறும். சுத்தம் கூடக்கூட, சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும். அதனால் வெயிலில் கிடந்த கேன் உப்பியிருக்கும். உப்பிய கேனின் மூடியை ஒரே திருகாகத் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் ஆசிட்டோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் திருகு திருகி ‘உஸ்’ சத்தம் நின்ற பிறகு மீதியைத் திறங்கள். கேன் வைக்கும் இடம் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் இந்த ஆசிட்டின் ஆவி தீயும் பிடிக்கும்.

என்ன போட வேண்டும்

கண்ணுக்குத்தான் முதலிடம். பக்கவாட்டிலும் மூடியிருக்கிற கெமிக்கல் காகிள்ஸ் ஒன்று வாங்குங்கள். பைக் ஓட்டும்போது போடுகிற கூலிங் கிளாஸும் படிக்கும் கண்ணாடியும் இதற்கு உதவாது, தெறிக்கிற துளி கீழேயிருந்தும் ஓரத்திலிருந்தும் உள்ளே போகும். கையுறை நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பரில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் முழங்கை வரை வரும் தடிமனான தொழிற்சாலை ரப்பர் கையுறை. ஆஸ்பத்திரியில் போட்டுத் தூக்கி எறிகிற மெல்லிய நீல நைட்ரைல் கையுறையை 85 சதவீதத்துக்கு நம்பக் கூடாது, சீக்கிரம் ஊடுருவிவிடும். நைலான் கையுறை இதற்கு ஆகவே ஆகாது. அடர்ந்த ஃபார்மிக் அமிலத்தில் நைலான் கரைந்தே போகும்.

உடுப்பு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாரம் (லுங்கி) மடித்துக்கட்டி, வெறுங்காலோடு அல்லது ஹவாய் செருப்போடுதான் பெரும்பாலும் ஆசிட் ஊற்றுகிறார்கள். வெறும் தோலில் பட்ட துளியை உடனே கழுவிவிடலாம். சாரத்தில் கொட்டியது துணியில் ஊறி, தொடையோடு ஒட்டிக்கொண்டு, நீங்கள் கவனிக்கும் வரை அரித்துக்கொண்டே இருக்கும். பேன்ட், மேலே பிளாஸ்டிக் ஏப்ரன், காலில் கம்பூட்ஸ். பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே திணித்தால் வழிகிற ஆசிட் நேராக பூட்ஸுக்குள் போய் நிற்கும்.

கலக்கும் முறை

முதலில் தண்ணீர் தயாராக இருக்கட்டும். அதாவது கலப்பதற்கான தண்ணீர் மட்டும் போதாது, ஏதாவது பட்டால் கழுவுவதற்கும் ஹோஸோ குழாயோ கைக்கு எட்டும் தூரத்தில், உண்மையிலேயே தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கேன் மூடியைத் தொடுங்கள். காலையில் கரண்ட் இல்லை, டேங்கில் தண்ணீர் இல்லை என்றால் அன்றைக்கு ஒரு பெரிய டிரம்மிலாவது நிரப்பி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

35 கிலோ கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றுவதுதான் இருக்கிற வேலைகளிலேயே மோசமானது. கேனைச் சாய்க்கும்போது வாய் கீழ்ப்பக்கமாக இருந்தால் ஆசிட் வாயை முழுக்க அடைத்துக்கொள்ளும், உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் ‘களக் களக்’ என்று குதித்துக் குதித்து விழும். ஒவ்வொரு குதிப்பிலும் தெறிக்கும். கேனைத் திருப்பி, வாய் மேல்பக்கம் வருகிற மாதிரி பிடித்து மெதுவாகச் சாயுங்கள். ஆசிட் வாயின் கீழ்ப்பாதி வழியாக ஒழுகும், மேல்பாதி வழியாகக் காற்று உள்ளே போகும், சத்தமே வராது. சத்தம் வந்தால் தப்பாகச் சாய்க்கிறீர்கள் என்று அர்த்தம். இன்னும் நல்லது, கெமிக்கல் கடைகளில் கிடைக்கும் கையால் அமுக்கும் பிளாஸ்டிக் பம்ப். மண்ணெண்ணெய்க்குச் செய்கிற மாதிரி டியூப் போட்டு வாயால் உறிஞ்சி இழுப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கணக்கு இப்படி. நான்கு லிட்டர் பிடிக்கிற டிஷ்ஷில், தண்ணீர் சேர்த்து 12.5 சதவீத ரப்பர் அளவுக்குக் கொண்டுவந்த பால் என்றால் அரைக் கிலோ ஷீட் வரும். மறுநாள் அடிக்கிற ஷீட்டுக்கு 85 சதவீத ஆசிட் 2 மில்லி போதும். பத்து டிஷ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்டிக் பக்கெட்டில் 4 லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் 20 மில்லி ஆசிட்டை மெதுவாக விட்டு, மரக்குச்சியால் கலக்கினால் அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். டிஷ்ஷுக்கு 400 மில்லி. எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை விடுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கந்தக அமிலம் அளவுக்கு இது கொதித்துச் சீறாது, இருந்தாலும் ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கிற துளி அடர் ஆசிட்டாக இருக்கும். முறை மாறாமல் இருந்தால் தெறிப்பதும் கலந்த கரைசலாகவே இருக்கும். பாட்டில் மூடியால் அளக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், 50 மில்லி பிளாஸ்டிக் மெஷரிங் சிலிண்டர் பெரிய விலையில்லை. மூடியால் அளக்கிறவர் கையில் வழியவிடாமல் அளந்து நான் பார்த்ததில்லை.

‘கொஞ்சம் கூட விட்டால் சீக்கிரம் உறையுமே’ என்று இரட்டிப்பாக விடுகிறவர்கள் உண்டு. உறையும்தான். ஆனால் ஷீட் கட்டியாகி மெஷினில் அடிக்கக் கஷ்டப்படும், கழுவினாலும் ஆசிட் முழுக்கப் போகாது, காய நேரம் எடுக்கும், ரோலரும் டிஷ்ஷும் அரித்துப்போகும். சரியான அளவு உடம்புக்கும் நல்லது, ஷீட்டின் கிரேடுக்கும் நல்லது.

கலந்த அரை சதவீதக் கரைசலின் பி.எச். ஏறக்குறைய 2.4, வினிகரின் புளிப்பு. கீறல் இல்லாத கைத்தோலில் இது பட்டு உடனே கழுவினால் ஒன்றும் ஆகாது. ஆனால் பால் வெட்டுகிறவர்கள் கையில் எப்போதும் ஏதாவது கீறல் இருக்கும், விரல் இடுக்கு வெடித்திருக்கும். தினமும் வெறுங்கையை விட்டுக் கலக்கினால் அங்கே எரிச்சலும் தடிப்பும் நிரந்தரமாகிவிடும். கையால் கலக்காதீர்கள், துளையிட்ட தகடோ மட்டமான பலகையோ போட்டுக் கலக்குங்கள். நுரையை வழிக்கும்போதும் அப்படியே.

எதோடு சேரக் கூடாது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். விலை குறைவு என்று கந்தக அமிலத்தை ஷீட்டுக்கு விடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ரப்பரைக் கெடுக்கும், அது தனிக் கதை. இங்கே சொல்ல வந்தது: அடர் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு குபுகுபுவென்று வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, தலைசுற்றல் வருவதற்குள் ஆள் விழுந்துவிடலாம். பழைய கந்தக அமிலக் கேனைக் கழுவாமல் அதில் ஃபார்மிக்கை வாங்கி வருவது இப்படித்தான் ஆபத்தாகிறது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு, ஆகவே டிஷ்ஷைப் பிளீச்சிங் போட்டுக் கழுவுகிற இடத்தில் ஆசிட் மிச்சம் இருக்கக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். காஸ்டிக் சோடாவோடு சேர்ந்தால் கடும் சூடு. பால் உறையாமல் இருக்க அமோனியா வைத்திருப்பவர்கள் அதையும் இதையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

வைக்கும் பாத்திரம் கெட்டி எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், கண்ணாடி, இல்லை நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு டின் அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும்.

குளிர்பான பாட்டில்

கடைக்காரர் பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுக்க வசதி என்று ஸ்பிரைட் பாட்டிலையோ மினரல் வாட்டர் பாட்டிலையோ கொண்டுபோகிறோம். வீட்டுக்கு வந்ததும் அது தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிறமில்லாத திரவம், குடிக்கிற பாட்டில், வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளை. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன். ஃபார்மிக் அமிலம் உள்ளே போனால் வாய், தொண்டை, இரைப்பை வெந்துபோவதோடு நிற்காது. ரத்தத்தில் ஏறி, ரத்த அமிலத்தன்மையைக் கூட்டி, சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பிழைத்தவர்களுக்கும் உணவுக்குழாய் சுருங்கிச் சாப்பிட முடியாமல் போவதுண்டு. ரப்பர் அதிகமுள்ள கேரள மாவட்டங்களின் மருத்துவமனைகளிலிருந்து இதைப் பற்றி மருத்துவர்கள் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களைக் கொன்றதன் பின்னாலும் இந்த அமிலம் இருக்கிறது, மெத்தனால் உடம்புக்குள் போய் மாறுவது ஃபார்மிக் அமிலமாகத்தான், பார்வையைப் பறிப்பதும் அதுவே.

ஆகவே கடையில் “அண்ணே, லேபிள் ஒட்டின ஆசிட் கேனிலேயே தாங்க” என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் குடிக்கிற பாட்டில் போல் இல்லாத ஒரு கெட்டிக் கேனைத் தனியாக வைத்துக்கொண்டு, அழியாத மையில் ‘ஃபார்மிக் ஆசிட் 85 சதவீதம், விஷம்’ என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். வைக்கும் இடம் சமையலறைக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், பூட்டு போட்ட பெட்டிக்குள். கண்மட்டத்துக்கு மேலே உள்ள பரணில் வைக்காதீர்கள், எடுக்கும்போது தவறினால் முகத்தில்தான் விழும். பூட்டு பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. மனசு ஒடிந்த ஒரு மோசமான நேரத்தில் யார் கையிலும் இது சட்டென்று கிடைக்கக் கூடாது. வீட்டில் யாராவது அப்படித் தவிப்பது தெரிந்தால் ஆசிட்டை வீட்டை விட்டே அப்புறப்படுத்திவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 104க்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும்.

பட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் யோசிக்காமல் தண்ணீர். இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஹோஸை மெதுவாகத் திறந்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி குறைந்தது 20 நிமிடம். வலியில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், இன்னொருவர் பிடித்துத் திறந்தே ஆக வேண்டும். இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. போகிற வழியெல்லாம் ஆசிட் கண்ணுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விட வேண்டாம். கழுவி முடித்து எரிச்சல் குறைந்த மாதிரி இருந்தாலும் கண் டாக்டரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

தோலில் 85 சதவீதம் பட்டால் முதல் சில நொடி பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு சுருக்கென்று குத்தும், அந்த இடம் வெளுக்கும், கழுவாமல் விட்டால் கொப்புளம் கிளம்பும். ஓடும் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டே நனைந்த துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். சோடா மாவைக் குழைத்துப் பூசுவது, பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எல்லாம் வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு மேல் வெந்திருந்தால் கண்டிப்பாக ஆஸ்பத்திரி. இந்த அமிலம் தோல் வழியாகவே ரத்தத்துக்குள் போகும்.

நெடி ஏறி இருமினால் திறந்த வெளிக்குக் கூட்டிவந்து உட்கார வைத்து, இறுக்கமான சட்டையைத் தளர்த்துங்கள். நிறைய மூச்சில் போயிருந்தால் உடனே சரியான மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், டாக்டர் பார்க்காமல் தூங்கப் போகக் கூடாது.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெந்த தொண்டை இரண்டாவது முறையும் வேகும். உப்புத் தண்ணீர், சோடா மாவு, முட்டை, சுண்ணாம்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காமல், நினைவோடு இருந்தால் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, 108ஐ அழையுங்கள். எந்த ஆசிட், எத்தனை சதவீதம் என்று டாக்டருக்குத் தெரிய லேபிளோடு கேனையோ அதன் படத்தையோ கொண்டுபோங்கள். லேபிளில் யூ.என். 1779 அல்லது 3412 என்ற எண் இருந்தால் அது ஃபார்மிக் அமிலம்.

கொட்டிவிட்டால், கடைசியில் காலி கேன்

கொஞ்சம் கொட்டினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், கிணற்றுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கில் கொட்டினால் முதலில் சுற்றிலும் மணலால் வரப்பு கட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கி சோடா மாவையோ சலவைச் சோடாவையோ தூவி வாருங்கள். ஒரு லிட்டர் 85 சதவீத ஆசிட்டை முழுக்க அடக்க ஏறக்குறைய 1.9 கிலோ சமையல் சோடா வேண்டும், அல்லது 1.2 கிலோ தண்ணீர் இல்லாத சலவைச் சோடா. நீற்றிய சுண்ணாம்பு என்றால் 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கை சோடா போட்டு நுரை வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நுரை நிற்கும் வரை போட வேண்டும். சமையல் சோடாவில் கிளம்பும் கரியமில வாயு லிட்டர் ஆசிட்டுக்கு 500 லிட்டருக்கு மேல் போகும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும்.

ஷீட் எடுத்த பிறகு டிஷ்ஷில் நிற்கிற புளித்த தண்ணீரை வாய்க்காலில் விட்டால் நாற்றமும் வரும், மீனும் சாகும். நிலத்தின் மேல் அப்படியே ஊற்றாமல் குழி எடுத்து அதில் விடுங்கள், அல்லது சாணத்தோடு சேர்த்துக் கோபர் கேஸ் தொட்டியில் விடலாம். மத்திய அரசின் ரப்பர் போர்டு இதற்காகவே பயோகேஸ் முறையை ஊக்குவித்திருக்கிறது.

காலியான கேனை மூன்று முறை கழுவி, அந்தக் கழுவுநீரை அடுத்த நாள் உறை ஊற்றும் தண்ணீரோடு சேர்த்துக்கொள்ளலாம், வீணாகாது. கேனின் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அதில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருப்பார்.